கொலைகாரனைப் பாதியிலேயே சொன்னவர்

சுரங்கத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, பாறைக்கு வைத்த வெடி முகத்தில் சிதறிய ஒருவர் கண்ணில் கட்டோடு ஒரு மாதம் படுத்திருந்தார். பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் துரை முதல் நாளே சொல்லிவிட்டார். அதை அவருக்குத் தெரிவிப்பது என் வேலை.

சொல்ல வாய் வரவில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நாவல்களை இரவல் வாங்கி, மத்தியானங்களில் படித்துக் காட்டினேன்.

வெடிமருந்து கருக்கிய விரல்களால் மீதிப் பக்கங்களைத் தடவிப் பார்த்து, "இன்னும் இவ்ளோ கீதா?" என்று கேட்ட பிறகுதான் படிக்க விடுவார். காதல் கதையென்றால் ஜோடி சேரும்வரை கஞ்சி இறங்காது. கொலைக் கதையென்றால் பாதியிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"காரணமே இல்லாம எவன் ரொம்ப நல்லவனா கீறானோ, அவன் எதையோ மறைக்கிறான்." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீங்க இன்னாத்துக்கு கம்பவுண்டரே, ஒரு மாசமா எனக்குப் படிக்கிறீங்க?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். அவர் புத்தகத்தை வாங்கித் தடவினார்.

"நாலு பக்கம்தான் கீது. முடிச்சிட்டே சொல்லுங்க."

அவ்வளவு மெதுவாக நான் எதையும் படித்ததில்லை.