எங்கள் வல்லத்துக்கு ஃபைபர் ஒட்டிய கதை

போன வாரம் அறந்தாங்கியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்துப் பட்டறையில் ஒரு வேனின் உடைந்த பம்பருக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ரெசின் வாடை சிலருக்குத் தலைவலி தரும். எனக்குக் கோபம் வரும். யார் மேல் என்று கேட்காதீர்கள், இத்தனை வருஷமாகியும் எனக்கே பிடிபடவில்லை.

மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் வீடு. ஊரில் பாதிப்பேர் அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருக்க, அப்பா சொந்த மரவல்லத்தில் போய்வந்தார். அந்தக் கர்வத்தில், சட்டை போடாமல் நடந்தாலும் மிராசுதார் மாதிரிதான் நடப்பார். ஆனால் வல்லத்துக்கு வயதாகி அடிப்பலகை உளுத்துவிட்டது. மீன் பிடிப்பதைவிட, உள்ளே வரும் தண்ணீரை இறைப்பதே பெரிய வேலையானது. புதிதாக ஒன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை. இது போனால் அப்பாவும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

அப்போதுதான் அக்காவின் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தார். அங்கே படகு கட்டும் கம்பெனியில் வேலை.

"மாமா, மரத்து மேல ஃபைபர் போட்டுட்டா அசைக்க முடியாது. நான் பாத்துக்கிறேன், விடுங்க."

வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த நான் மச்சானுக்கு எடுபிடி ஆனேன். பலகையில் ஊறிய பழைய எண்ணெய் போனால்தான் ரெசின் பிடிக்குமாம். தேய்த்தோம், தேய்த்தோம், அப்படித் தேய்த்தோம். சோற்றில்கூட மரத்தூள் கிடந்தது. வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஒட்டுகிற அன்று காலையில் மச்சான் பலகையைத் தடவிப் பார்த்தார். "பனி எறங்கியிருக்கு" என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஃபைபர் துணியைத் தொட்ட கைக்கு வந்த அரிப்பு இருக்கிறதே, அம்மா அது கண்ணேறு என்று சுற்றிப்போட்டாள்.

வல்லம் பளபளவென்று கடலில் இறங்கியது. மச்சான் விமானம் ஏறினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஃபைபர் அப்பளம் போல உப்பி, கையால் இழுத்தால் ஏடு ஏடாக வந்தது. இடையில் புகுந்த தண்ணீரில் பலகை முன்னைவிட வேகமாக அழுகியது.

"ரெசின் இறுகுறதுக்குப் போடுற ஹார்ட்னர நீ சரியாக் கலக்கல மாப்ள" என்றார் மச்சான் போனில்.

"கலந்தது நீங்கதான மச்சான்!"

சண்டை முற்றிய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"ஒட்டுறதுக்கு மொத நா சாயங்காலம் லேசா மீன் எண்ணெ தடவிவிட்டேன்."

"ஏம்ப்பா?"

"கரையேத்துன வல்லத்துக்கு எண்ணெ போடாம எப்புடிடா? வெயில்ல காஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனாலும் நாங்கள் சுரண்டி எடுத்ததையே திரும்ப ஏற்றிவிட்டு, ஒருவார்த்தை சொல்லக் கூடாதா? வாடையாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். எங்கள் கரையில் எதில்தான் மீன் வாடை இல்லை? ஆத்திரத்தில் மணலை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

வல்லம் விறகானது. ஃபைபர் ஒட்டிய பலகை கரும்புகை விட்டதற்கு அம்மாவிடம் தனியாகத் திட்டு வாங்கினேன். அப்பா விசைப்படகுக்குப் போனார்.

இன்று எங்கள் கரையில் மரவல்லமே கிடையாது, எல்லாம் அச்சில் வார்த்த ஃபைபர் படகுதான். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒழுகாத படகு நல்லதுதானே. ஆனால் வல்லம் இருந்த காலத்தில் சில நாள் விடியலில் அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். "இன்னைக்குப் போகல" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொள்வார். கூலிக்குப் போன பிறகு, காய்ச்சலில் உடம்பு நடுங்கிய நாளில்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.