தோர்ண்டன் ஹீத் நிலவறையில் அணைந்த மெழுகுதிரி

வீட்டில் காய்ச்சிய பியரைக் கெக் என்னும் உலோகப் பீப்பாயில் நிரப்புவதை நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக யூட்டை நச்சரித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் சனிக்கிழமை ஒன்றில் கூப்பிட்டான். யூட் மன்னார்க்காரன், ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவன். அவனும் அவன் அண்ணன் அருளும் ஜெர்மனியில்தான் பியர் காய்ச்சப் பழகினார்கள். அருள் அண்ணை போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த ஞாயிறு அவருடைய ஆண்டு நினைவுப் பூசை. அன்றைய சாப்பாட்டில் அவர் முறைப்படி காய்ச்சிய பியர் இருந்தே ஆக வேண்டும் என்று யூட் ஒற்றைக்காலில் நின்றான்.

நான் இருக்கும் செவன் கிங்ஸில் ரயிலேறி, ஃபாரிங்டனிலும் ஈஸ்ட் குரோய்டனிலும் மாறினால் தோர்ண்டன் ஹீத். ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய ஆறு பவுண்டு. சனிக்கிழமைகளில் பாதை வேலை நடக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி, வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

பழைய வீடு. மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தால் நிலவறை. தலை இடிக்கும் கூரை, ஒற்றை பல்பு. குளிருக்குப் பயந்து இருந்த ஒரே சன்னலையும் பலகை வைத்து அடைத்திருந்தான். நிலத்தில், சுவரோரமாக, அருள் அண்ணை வைத்த அந்தோனியார் சுரூபம். அதன் முன் மெழுகுதிரி ஏற்றிச் செபம் சொல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்பது அருள் அண்ணை போட்ட சட்டம். புனிதரைக் காலடியில் வைப்பது சரியில்லை என்று யூட்டின் மனைவி ஸ்டெல்லா எப்போதும் சொல்வாராம். யூட்டுக்கும் முழங்கால் வலி. வேலை முடிந்ததும் சுரூபத்தை மேல்தட்டுக்கு மாற்றப் போவதாகச் சொன்னான்.

கழுவிய கெக்குக்குள் முதலில் சிலிண்டரிலிருந்து காஸ் விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு நொதித்த பியரைக் குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்ப வேண்டும். காற்றுப் பட்டால் பியர் கெட்டுவிடும். முதல் கெக் பாதி நிறைந்தபோது மெழுகுதிரி அணைந்தது. யூட் மறுபடி ஏற்றினான். மறுபடியும் அணைந்தது. காற்றசைவே இல்லை. திரியின் புகை மேலே எழாமல் விரித்த துணி மாதிரி நிலத்தோடு படுத்துக் கிடந்தது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத எனக்கும் மயிர் கூச்செறிந்தது. தலை வலித்தது, மூச்சு வாங்கியது. பயம் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டெல்லா மேல்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“அருள் அண்ணைக்கு விருப்பமில்லை. எல்லாத்தையும் ஊத்திவிடுங்கோ.”

யூட்டின் முகம் வெளிறிவிட்டது. சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் படக் குனிந்தான்.

“அண்ணை, வேண்டாமெண்டா சொல்லுங்கோ.”

அவ்வளவுதான். அவன் நிமிரவில்லை.

தூக்கக் குனிந்தேன். சோடா புரையேறியது போல மூக்குச் சுரீரென்றது. அப்போதுதான் உறைத்தது. சிலிண்டர் மூட்டில் மெல்லிய சீறல். காஸ் கசிந்து நிலத்தில் குளம் போலத் தேங்கியிருந்தது. மூச்சை அடக்கி அவனைக் கக்கத்தில் பிடித்து இழுத்தேன். மேலிருந்து ஸ்டெல்லா கை கொடுத்தார். குசினியின் தோட்டத்துக் கதவைத் திறந்து குளிர்காற்றில் கிடத்திய பிறகே கண் விழித்தான். அவன் செத்துவிட்டான் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி விளக்கம் கேட்டான். அந்தக் காஸ், அதாவது காபனீரொட்சைட்டு (கார்பன் டை ஆக்சைடு), காற்றைவிடப் பாரம், கீழேதான் தேங்கும், அதனால் நிலத்திலுள்ள சுடர்தான் முதலில் அணையும் என்றேன்.

“மேல்தட்டில வைச்சிருந்தா எரிஞ்சுகொண்டே இருந்திருக்கும், என்ன?”

“ஓம்.”

“அப்ப அண்ணை ஏன் அந்தோனியாரை நிலத்தில வைச்சவர்?”

கட்டிலருகே நின்ற ஸ்டெல்லா அதை அருள் அண்ணையிடமே பலமுறை கேட்டிருக்கிறாராம். அந்தோனியார் அங்கேயே இருக்கட்டும் என்று சிரிப்பாரே தவிர, காரணம் சொன்னதில்லையாம்.

நீங்களும் வீட்டில் நிரப்புவதென்றால் சன்னலை அடைக்காதீர்கள். மூட்டுகளில் சவர்க்கார நீர் பூசிக் கசிவு பாருங்கள். மெழுகுதிரியை நம்பாமல் காஸ் அலாரம் ஒன்று வாங்குங்கள். யூட் வாங்கிவிட்டான், சிலிண்டரும் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆண்டுப் பூசைக்கு அந்தப் பியரைத்தான் குடித்தோம், நன்றாகவே இருந்தது.

அவன் வீட்டுக்குப் போனால் நிலவறையில் பார்த்துக் கால் வையுங்கள். அந்தோனியார் இன்னும் நிலத்தில்தான் இருக்கிறார்.