கறைக்காரியின் பன்னிரண்டு துணிகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறைக்காரி என்று பெயர். ரத்தக்கறைக்கு முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சலவைத்தூள், கடைசியில் நுரைக்கும் மருந்து. வெந்நீர் பட்டால் கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும் என்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. நாற்பத்தெட்டு வயதில், உட்கார்ந்தால் எழ மனம் வராத அலுப்பு.

வீட்டில் அவள் செய்தது நேர்மாறான காரியம். கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கிச் சதுரங்களாக வெட்டி வைத்திருந்தாள். மாதவிலக்கின் முதல் நாளில் தன் ரத்தத்தை ஒரு சதுரத்தில் விட்டு, அது தானாகப் பரவி நிற்கும்வரை தொடமாட்டாள். காய்ந்ததும் கறையின் விளிம்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பு நூலால் தைப்பாள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். சாயத்தால் ஈடுகட்டுவது கிடையாது.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் கணவர், ஒரே ஒரு தடவை.

"வராத ஆளுக்கு மாசாமாசம் படுக்கை விரிச்சு, சுருட்டி எடுத்து, திரும்பவும் விரிக்கிறது. வயித்துக்குள்ள ஒருத்தி இத்தனை வருஷமா என் வேலையத்தான் பாத்திருக்கா. அவ வந்து போனதுக்கு ஒரு பதிவாவது வேணாமா?"

நாள் தப்பத் தொடங்கிய பிறகுதான் ஆரம்பித்தாள். அதனால் பன்னிரண்டு சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசித் துணிக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக ஒன்றுமில்லை. இனி வராது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

நூலகத்தின் மாடி அறையில் அவற்றை ஒரு வாரம் மாட்டிவைக்க நூலகர் இடம் கொடுத்தார். அவள் எதையும் வெளியாருக்குக் காட்டுவது அதுவே முதல் தடவை. வேலை முடிந்து கொண்டுபோகலாம் என்று, பன்னிரண்டையும் ஒரு தலையணை உறையில் போட்டு பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு இயந்திர அறைக்குப் போனாள்.

மதியம் திரும்பியபோது உறை காலியாக இருந்தது.

"நீ வெளுக்கவேண்டிய மூட்டை ஒண்ணு கிடந்துச்சு. நீயே அலுத்துப்போய்க் கிடக்கே, நானே துவைச்சுப் போட்டுட்டேன்," என்றாள் கூட வேலை பார்க்கும் இஸ்திரி அக்கா. மேசையில் பன்னிரண்டு துணிகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் புதிதாகக் குத்திய மருத்துவமனையின் நீல முத்திரை. "பிரசவ வார்டுல எவளோ சுத்தித் தையல் வேற போட்டிருக்கா, வேலையத்தவ. ஆனா பாரு, ஒரு பொட்டு கறை இல்ல!"

"அது என்னோடது, அக்கா."

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? மூணு தடவை மருந்து வெச்சு எடுத்தேனே..."

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க."

"நீ சொல்லிக்குடுத்ததுதானே!"

வீட்டில் துணிகளைக் கட்டிலில் விரித்தாள். நூல் மட்டும் சாயம் போகாமல் இருந்தது. கறை இருந்தவரை கண் அதிலேயே நின்றிருக்கும். இப்போது அது எதுவரை வந்து நின்றது என்பது மட்டும் தெரிந்தது. எல்லாம் தேறியதாகச் சொல்ல முடியாது. மூன்று நான்கு வெறும் தையல் பயிற்சி போலத்தான் இருந்தன. முதல் துணியில் ஓரம்வரை ஓடிய கோடு, கடைசித் துணியில் ஒரு விதையளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நூலகருக்கு, "கொண்டுவர்றேன். ஆனா வெள்ளையா இருக்கும்," என்று சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி அக்கா நல்ல புடவை உடுத்தி நூலக மாடிக்கு வந்தாள். ஒவ்வொரு துணியிடமும் மன்னிப்புக் கேட்பவளைப் போல நின்று நின்று நகர்ந்தாள். ஐந்தாவதில் மூக்கு படும்படி குனிந்தாள்.

"ஏய், இதுல லேசா மஞ்சளா இன்னும் இருக்கு. கழட்டிக் குடு, காலையில போட்டுத் தர்றேன்."

கறைக்காரி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழவில்லை.

"வேணாம்க்கா. அது இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படித்தான் என் கைக்குத் தப்பிச்சுதோ," என்று முணுமுணுத்தபடி, அக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.