லாலாங் காட்டுக் காய்ச்சல்

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். கன்றுகளுக்கு இடையில் லாலாங் புல் மார்பளவு வளர்ந்தது, எலிகளும் பெருகின. அந்தப் புல்லை வெட்டப் போன என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. இடுப்பில் சுருட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் புண். பிறகு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

“மாரியாத்தா வந்திருக்கா. ஊசி கீசி போட்டா கோவிச்சுக்குவா லா,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார்.

“ஆத்தா இடுப்புல பொட்டு வச்சிட்டா, பாரு,” என்று பாயில் கிடந்த என் வீட்டுக்காரர் சிரித்தார்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்தார். வேப்பிலையைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

நினைவு தவறிய பிறகுதான் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அந்தப் புண்ணைத்தான் முதலில் பார்த்தார்.

“இது அம்மை இல்லம்மா. எலி மேல இருக்கிற பூச்சி, லாலாங்ல கடிச்சிருக்கு. முன்னாலயே வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்.”

அவர் பிழைக்கவில்லை. கருமாதி முடிந்ததும், எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து நின்றார்.

“தோட்டத்து வீடு வேணும்னா, அவரு எடத்துக்கு நீ வேலைக்கு வரணும் தங்கச்சி.”

மறுநாள் அவருடைய கத்தியை எடுத்துக்கொண்டு அதே லாலாங்கில் இறங்கினேன். சாயங்காலம் இடுப்பைத் தடவிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.