பாயில் இடம் விட்டது

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். அதில் கடைசி மகள், நாற்பது வயதுக்காரி, இரண்டு மாதமாகத் தூத்துக்குடியில் என்னோடுதான் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு வேறொருத்தியோடு பழக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் வீட்டாரும் பேச வருகிறார்கள். அவளைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று என் மகன்கள் இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நான்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்த கை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது.

எல்லாம் ஒரு சினிமாவில் ஆரம்பித்தது.

போன வருஷம் சென்னையிலிருந்து படம் எடுப்பவர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறை நீளமானது. நடுவில் சவப்பெட்டியை வைத்தாலும் சுற்றிலும் பாய் விரித்து முப்பது பெண்கள் உட்காரலாம். சாவு வீடு எடுக்க இதுதான் வேண்டும் என்று டைரக்டர் கேட்டாள். கிராப்பு வெட்டிய சின்னப் பெண். மரியாதையான பிள்ளை.

"பெட்டிக்குள்ள யாரு கெடப்பா?" என்று கேட்டேன்.

"ஹீரோதான் பாட்டி. நடுநடுவுல டீ குடிக்க எந்திரிப்பாரு."

"எங்க வீட்டு மனுசன் அப்படி எந்திரிக்கலியே" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சரி என்றேன்.

கதையையும் அவளே சொன்னாள். காதலித்துக் கட்டிய புருஷன் விபத்தில் செத்துப்போகிறான். பெண்டாட்டி அழுது முடிப்பதற்குள் அவனுக்கு இன்னொருத்தி இருந்தது தெரிகிறது. அந்த இன்னொருத்தி சாவு வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். பெண்டாட்டி எழுந்துபோய் அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள். இதுதான் அன்றைக்கு எடுக்க வேண்டியது. எங்கள் தெருப் பெண்களைச் சுற்றி உட்கார வைத்தார்கள். என்னைக் கதாநாயகிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வந்தவரை வா என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார்கள். அவ்வளவுதான். புன்னைக்காயலில் பிறந்ததிலிருந்து எத்தனையோ சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நிழல் விழுந்தால் என் உடம்பு தானாக நகரும்.

அன்றைக்கும் நகர்ந்தது. இன்னொருத்தியாக நடிக்கிற பெண் வாசலில் வந்து நின்றதும் நான் ஒதுங்கிவிட்டேன். தள்ளிவிட வேண்டிய இடத்தில் பாயில் ஓர் ஆள் உட்காரும் அளவு காலியாக இருந்தது.

"கட்! பாட்டி, ஏன் நகருறீங்க?"

"ஆளு வருதுல்லா?"

"அவங்களை வெளிய அனுப்பப் போறாங்க பாட்டி. நீங்க அசையாம இருக்கணும்."

அசையாமல்தான் இருக்க நினைத்தேன். மறுபடியும் நகர்ந்தேன். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அவுகளப் போட்டுப் படுத்தாத. நெசமாவே அப்படிச் செஞ்சவுக அவுக. புருசன் செத்தன்னைக்கு அந்தப் பொம்பள வந்து நின்னா. இவுக ஒரு சொல்லு சொல்லல. பாயில தள்ளி உக்காந்து எடம் விட்டாவ. ஊரே கண்ணால பாத்துச்சு."

டைரக்டர் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதாநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எப்படிப் பாட்டி மன்னிச்சீங்க?"

"மன்னிப்பெல்லாம் இல்ல. எடம் விட்டேன், அவ்வளவுதான்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவர்கள் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினார்கள். நான் சொன்னதையே வசனமாக வைத்துவிட்டார்கள்.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டினார். வேம்பார் உப்பளத்தில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவார். வேம்பாரில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றார். மறுநாளும் உப்பு ஏற்றப் போனார். அவள் பேர் தெரியும், முகம் தெரியாது. துறைமுக வாசலில் லாரிகள் வரிசையில் நின்றபோது ஸ்டியரிங்கில் சாய்ந்து போய்ச்சேர்ந்தார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம். அது நடந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அடக்கத்தன்று முற்பகலில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம். அதைத்தான் முதலில் பார்த்தேன். உப்பளத்தில் அவரோடு லோடு ஏற்றுகிறவள் என்று நினைத்தேன். ஒதுங்கினேன். அவள் வந்து என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். சத்தம் போடாமல் அழுதாள். அழுகை நின்றதும் கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்டது. அவருடைய அக்கா, என் மதினி, பின்னாலிருந்து காதில் சொன்னார்.

"ஏளா, இது யாருன்னு தெரியுதா? அந்த வேம்பார்க்காரி."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து அவள் முடியைப் பிடித்திருப்பேன். ஆனால் எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது. தெரியாமல் இடம் விட்டுவிட்டாள், ஏமாந்துவிட்டாள் என்று ஊர் சிரிக்கும். அதற்குப் பயந்து தெரிந்தே விட்டவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். பெட்டியை மூடும் முன்பே அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து அந்தப் பாயைப் பின்வாசலில் போட்டு எரித்தேன். சாவுப் பாய் என்று எரிக்கிறாள் என நினைத்தார்கள். அவள் உட்கார்ந்த பாய் என்றுதான் எரித்தேன்.

அதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. இவள் மனசு யாருக்கு வரும் என்றார்கள். கோயிலில் முன் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள். நானும் உட்கார்ந்துகொண்டேன். நானாகப் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர்களை மறுக்கவும் இல்லை. அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

படம் இந்த வருஷம் வந்தது. குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். கதாநாயகி பாயில் தள்ளி உட்கார்ந்து "இடம் விட்டேன், அவ்வளவுதான்" என்றாள். கை தட்டினார்கள். பிற்பாதியில் அந்த இரண்டு பெண்களும் கடற்கரையில் உட்கார்ந்து ஒரே மனுசனுக்காக அழுதார்கள். மருமகள்கள் மூக்கைச் சிந்தினார்கள். மூத்தவன் எல்லாருக்கும் கேட்கும்படி "எங்கம்மா கதை" என்றான். எனக்கு ஏசி குளிர்ந்தது, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் பக்கத்தில் கடைசி மகள் இருந்தாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே பெட்டியோடு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் மூத்தவன் வந்தான்.

"அம்மா பாயிலயே எடம் விட்டா. ஒனக்கு வீட்டுல கொஞ்சம் பொறுத்துக்கிட முடியலியா?" என்றான்.

"அம்மா மாதிரி நான் பெரிய மனுசி இல்லண்ணே" என்றாள் அவள்.

நான் அடுப்பங்கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின மீனையே மறுபடியும் கழுவினேன். நடந்தது அதுவல்ல என்று சொல்ல இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. நேற்று அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள். "நீங்க பொறுத்தியளே, நானும் பாக்குதேன்" என்றாள்.

அவள் பொறுப்பதும் பொறுக்காததும் அவள் பாடு. ஆனால் நான் செய்யாத ஒன்றைப் பார்த்து அவள் போகக் கூடாது.

மகன்களிடம் வாயால் சொன்னால் மகளுக்காகக் கட்டிச் சொல்லுகிறேன் என்று பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். அதனால்தான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவள் மகள், என் பேத்தி, இதை வாசிப்பாள். கல்லூரியில் படிக்கிறவள், நன்றாக வாசிப்பாள். அதற்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்க வேண்டும்.

"ஏளா, இங்கன வந்து உக்காரு. மொத வரியில இருந்து வாசி. எம் வயசயும் விடாத. பாய எரிச்சதயும் விடாத. ஒங்கம்மயக் கூப்புட்டு பக்கத்துல வச்சுக்கோ. இன்னும் கொஞ்சம் சத்தமா வாசி."