மயில்கழுத்து நிறத்தில் ஒரு கார்

என் காரை யாராவது பாராட்டினால் எனக்குக் காது கூசுகிறது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிற ஆள் பாராட்டுக்குக் கூசுகிறான் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். முப்பது வருடமாக, "உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதும்மா" என்ற ஒரே பொய்யை முகம் மாறாமல் சொல்லிப் பிழைக்கிறேன். வெட்கப்பட்டால் எங்கள் தொழில் நடக்காது. ஆனாலும் இந்தக் கார் விஷயத்தில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மனைவிக்குப் பாதி தெரியும். மீதியை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

போன வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். மின்சாரக் கார்தான் என்பதில் சந்தேகமில்லை. செவிலிமேட்டில் கட்டிய புதுவீட்டு மாடி முழுக்க சோலார் போட்டிருந்தோம். பெங்களூரில் இருக்கும் மகன், "இனிமே பெட்ரோல் வண்டி வாங்கினா சிரிப்பாங்கப்பா" என்று வேறு சொல்லியிருந்தான். இதெல்லாம் வெளியே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மை என்னவென்றால், எதிர்க்கடைக்காரர் யானை போல ஒரு டீசல் வண்டியை வாங்கி, தினமும் என் கடைப் பலகை மறைகிற மாதிரி நிறுத்த ஆரம்பித்திருந்தார்.

சென்னையில் ஏழெட்டு ஷோரூம் ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு கார்களில் வந்து நின்றது. இரண்டும் வெளிநாட்டுக் கம்பெனி, இரண்டும் நீளமான செடான், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று வெள்ளை. பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தொட்டால் கால்நீட்டிப் படுத்துவிடலாம். மேடு வந்தால் வண்டியே தன்னைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். இன்னொன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. அதன் நிறம் மயில்கழுத்து. ஷோரூம் விளக்கில் நீலமாக இருந்தது, வாசல் வெயிலுக்கு வந்ததும் பச்சையாகிவிட்டது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் போட்டு நெய்தால்தான் எங்களுக்கு அந்த நிறம் வரும். தகரத்தில் அதை எப்படிக் கொண்டுவந்தான் பாவி என்று அங்கேயே வாயைப் பிளந்துவிட்டேன்.

துணியைப் புரட்டி மறுபக்கம் பார்க்காமல் எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தில் இரண்டு காரிலும் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தையலைத் தடவினேன். வெள்ளைக் கார் ஷோரூமில் டை கட்டியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மயில்கழுத்து ஷோரூமில் இருந்த பெண் சிரிக்கவில்லை. தானும் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, "இந்தப் பக்கமும் பாருங்க சார்" என்றாள். என் மகனைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். இவளிடம்தான் வாங்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வண்டியை அங்கேயேதான் வாங்கினேன், ஆனால் அவளிடம் இல்லை, அதுதான் கொடுமை.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவருவதாகச் சொன்னாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் எட்டுக்கே வரச்சொன்னேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றாள். எத்தனை மணிக்கு எழுந்து கிளம்பியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அது மாநகராட்சி போட்டதில்லை. பாலாற்றுப் பக்கம் போகிற பைக்குகள் பறக்கின்றன என்று தெருக்காரர்கள் சேர்ந்து கொத்தனாரை வைத்துப் போட்டது. "இன்னும் ரெண்டு விரக்கடை ஒசத்திப் போடுப்பா" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான். டவுன் பஸ்ஸே அதில் முனகிக்கொண்டுதான் ஏறும்.

அந்தப் பெண் வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். புதுச் சுடிதாரோடு தெருவில் குந்தி உட்கார்ந்து, சாண் வைத்து மேட்டை அளந்தாள். வண்டிக்கு அடியிலும் அளந்தாள். என்னையும் பின்சீட்டில் இருந்த என் மனைவியையும் இறக்கிவிட்டுத் தானே மெதுவாக ஓட்டித் தாண்டினாள். மயிரிழையில் தப்பியது. திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்:

"தப்பா நெனைக்காதீங்க சார். ஆளுங்க உக்காந்தா கண்டிப்பா இடிக்கும். இந்த வண்டிக்கு அடியிலதான் பேட்டரியே இருக்குது. தெனம் ரெண்டு வாட்டி இந்த மேட்டைத் தாண்டணும்னா, நீங்க அந்த வெள்ளை வண்டியே எடுத்துக்குங்க. அது தூக்கிக்கும்."

என் மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னாம்மா, விக்க வந்துட்டு உன் வண்டிய நீயே வேணான்ற?"

"விக்கணும்தான் மேடம். சேந்து எட்டு மாசமாச்சு, இன்னும் ஒரு வண்டி டெலிவரி குடுக்கல. இது வித்தா வேலை பர்மனென்ட் ஆயிடும். ஆனா நாளைக்கு இடிச்சா சார் என்னையில்ல கேப்பாரு?"

என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, போகும்போது குங்குமத்தோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள். கார் தெருவைத் தாண்டியதும் என்னிடம், "வெள்ளைதான். பேச்சே கெடையாது" என்றாள். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டினேனே தவிர, மனசு மயில்கழுத்திலேயே கிடந்தது. நாலு நாள் கழித்து மனைவிக்குச் சொல்லாமல் சென்னைக்குப் போனேன். அந்தப் பெண்ணைத் தாண்டி நேராக மேனேஜர் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி அறைதான், வெளியே அவள் நிற்பது தெரிந்தது. நான் வாங்க வந்திருக்கிறேன் என்று புரிந்து அவள் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் விலையில் இறங்கவே இல்லை. காஞ்சிபுரத்துக்காரனிடம் ஒரே விலை என்றால் அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. நானும் எழுந்திருக்கிறாற்போல எழுந்து பார்த்தேன், போனை எடுத்து வெள்ளைக்கார் ஆளிடம் பேசுகிற மாதிரி பேசிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அப்போது சொன்னேன்:

"நீங்க என்னாத்துக்கு இவ்ளோ பிடிவாதம் பிடிக்கிறீங்க? உங்க ஷோரூம் பொண்ணே எங்க ஊட்டு வாசல்ல நின்னுக்கினு, இந்த வண்டி வேணாம், அந்தக் கம்பெனி வண்டிய எடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்கப்புறமும் நான் வந்திருக்கிறேன்னா, எனக்கு ஏதாவது பார்த்துச் செய்ய வேணாவா?"

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அவள் அப்போதும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஐந்து நிமிடத்தில் விலை இறங்கியது. கைகொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம், சாமர்த்தியமாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தெரியாமல் வாய்தவறி வந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும். இதில் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்?

எங்கள் தொழிலில் போணி என்று ஒன்று உண்டு. காலையில் முதலில் ஏறுகிற கிராக்கி எதையாவது வாங்காமல் இறங்கிப் போகக்கூடாது. ஒரு கர்ச்சீப்பாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். போணி போனால் அன்றைய வியாபாரமே போயிற்று. என் கடையில் இருபது வருடம் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக்காட்டிய ஒருவர் இருந்தார். ஒரு முகூர்த்த மாதத்தில், போணிக்கு வந்த ஒரு கல்யாண வீட்டார் இரண்டு மணி நேரம் பார்த்து ஒரு கனத்த ஜரிகைப் புடவையில் வந்து நின்றார்கள். பெண்ணின் அம்மா அவரிடம், "நீயே சொல்லுப்பா, எடுக்கலாமா?" என்று கேட்டாள். அவர் கல்யாணப் பெண்ணின் ஒல்லித் தோளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கனத்தைக் கட்டிக்கினு பாப்பா மணையில உக்கார முடியாதும்மா. கைத்தறி சொசைட்டியில லேசா ஒண்ணு பாத்தோம்னீங்களே, அதையே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். நான் கல்லாவிலிருந்து எழுந்து, அத்தனை பேர் முன்னால், "மெத்தையை விட்டு இறங்குடா" என்றேன். என்னைவிட வயதில் பெரியவரை 'டா' போட்டேன். அவர் விரித்த புடவைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கி வைத்துவிட்டு இறங்கிப் போனார். இப்போது வேறு கடையில் இருக்கிறார். தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால்தான் சொல்கிறேன், எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்து மேனேஜர் மேஜைமேல் போட்டேன்.

மயில்கழுத்தையே புக் பண்ணிவிட்டேன் என்றதும் என் மனைவி இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வேலையாவது நிலைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். டெலிவரி அன்று மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். ரிப்பன் கட்டி, பட்டுத்துணி போர்த்தி காரை நிறுத்தியிருந்தார்கள். சாவியைக் கொடுத்தது வேறு ஒரு பையன். என் மனைவி அந்தப் பெண்ணுக்கென்று மல்லிகைப்பூ வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். "அந்தப் பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம வண்டிய வேணாம்னு சொல்ற ஸ்டாஃபை எப்படி மேடம் வெச்சுக்கறது? நல்லவேளை, சார் சொன்னாரு. சாரும் கடை வெச்சிருக்காரு, அவருக்குத் தெரியாததா?"

ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் பேசுகிற சிரிப்பு அது. நானும் திரும்பச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பூவை ஷோரூம் சோபாவிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஊருக்கு வந்து கோயில் வாசலில் பூசை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். தெருமுனையில், நாலு பேர் பாரத்தோடு, மெதுவாகத்தான் ஏற்றினேன். வண்டியின் வயிறு சிமெண்டில் கர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. மகன் பல்லைக் கடித்தான். பின்சீட்டிலிருந்து என் மனைவி, "அந்தப் பொண்ணு சாண் வச்சிப் பாத்த எடம்" என்றாள்.

வேகத்தடையைக் கொஞ்சம் கொத்திவிடலாமா என்று தெருக்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். "ஒசத்திப் போடச் சொன்னதே நீங்கதானேப்பா" என்று சிரித்தார்கள். கடையில், தெருவில், கல்யாண வீடுகளில் எல்லோரும் காரைப் பற்றிக் கேட்டார்கள். "மெதக்குதுப்பா" என்று சொல்லிவந்தேன். வாங்கிய சரக்கை நானே குறைசொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. எதிர்க்கடைக்காரர்கூட வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நிறம்னா நிறம்" என்றார். அதற்காகத்தான் வாங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை.

அவள் கொடுத்த விசிட்டிங் கார்டு கல்லாவில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணில் படும். மன்னிப்புக் கேட்டுவிடலாம், நாலு பேரிடம் சொல்லி வேறு வேலைக்கும் வழி பார்க்கலாம் என்று வார்த்தைகளையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து போன் செய்தேன். அது அவள் சொந்த நம்பர்தான். எடுத்தாள். காஞ்சிபுரத்திலிருந்து பேசுகிறேன் என்றதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்லுங்க சார்! நல்லா இருக்கீங்களா? மேடம் எப்படி இருக்காங்க? அந்த ரவிக்கைத் துணிய தச்சிட்டேன்னு சொல்லுங்க. நான் இப்ப அங்க இல்ல சார், தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூட்டர் ஷோரூம்ல இருக்கேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேலை என் வாயால்தான் போயிற்று என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"அந்தப் பச்சைநீல வண்டியவே எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, உண்மையான கவலையோடு கேட்டாள்: "அந்த மேட்டுல அடி இடிக்குதா சார்?"

சொல்லியிருக்கலாம். தினமும் இரண்டு தடவை இடிக்கிறது என்று அந்த ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மெதக்குது."



"அப்ப நான்தான் தப்பா அளந்துட்டேன் போல" என்றாள். "சாரி சார். தேவையில்லாம உங்கள பயமுறுத்திட்டேன்."

நான், "பரவாயில்லம்மா" என்றேன்.