தும்புத்தடி கட்டிய வண்டி

விக்னராஜாவைப் போல ஒரு பிடிவாதக்காரனை மெல்பேர்ன் முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். என்னிடம் இரண்டு மினிபஸ் இருந்த காலத்தில் ஒன்றை அவர் ஓட்டினார், மற்றதை நான் ஓட்டினேன். மகாதேவன் என்று என் பெயரைச் சொன்னால் டண்டினோங்கில் எல்லோருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனை இருக்கும். தாளில் கையெழுத்து வாங்காமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டவன் அல்லன் நான்.

விக்னராஜா கிளிநொச்சியில் லொறி ஓடியவர். படகில் வந்து, முகாமில் கிடந்து, 2011இல் விசா கிடைத்து என்னிடம் வேலைக்கு வந்தார். வண்டி ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏறிய ஆட்களை இரண்டு தரம் எண்ணாமல் சாவியைத் திருப்பமாட்டார். முதியோர் சங்கத்து ஆட்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போனால் ஒவ்வொரு தரிப்பிலும் இந்தக் கூத்துத்தான். "தம்பி, நாங்கள் என்ன ஆட்டுக்குட்டியளே?" என்று ஒரு அன்ரி கேட்டே விட்டார். விக்னராஜா சிரித்துவிட்டு மூன்றாம் தரமும் எண்ணினார்.

ஏன் எண்ணுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். 2009 சித்திரையில் வன்னியில் அவர் ட்ரக்ரர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னால் இழுத்த பெட்டி நிறையச் சனம், அதில் அவருடைய மனைவி யோகராணியும். வழியில் காலில் காயப்பட்ட ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். யோகராணி இறங்கித் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். "நீங்கள் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றாளாம். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவர் போனார். இரண்டு மைல் தள்ளிச் சனத்தை இறக்கிவிட்டு ட்ரக்ரரைத் திருப்பினால், வந்த பாதை மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

2012 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து யோகராணியின் தம்பி சிவமணி ஒரு தாள் அனுப்பினான். காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிகிற தாள். புருஷன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். தாய்க்காரி படுக்கையில் கிடக்கிறா, கண்ணை மூடுவதற்கு முதல் மகளுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துபோட வேண்டும் என்று அழுகிறா என்று கடிதத்தில் இருந்தது. விக்னராஜா அந்தத் தாளை நாலாக மடித்து வண்டியின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் விடுகிற ஆளா?

"ஐசே, அந்த மனுசி சாகக் கிடக்குது. உமக்கு ஒரு கையெழுத்துப் போட என்ன கஷ்டம்?" என்று பேனையை நீட்டுவேன்.

"பிறகு பாப்பம் அண்ணை" என்பார். வாரத்துக்கு ஒரு தரமாவது இந்தச் சண்டை நடக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் 2013 மாசியில் அந்தச் சைக்கிள் ஓட்டப்போட்டி வந்தது. சம்பளத்துக்கு ஓடுகிற பெரிய வீரர்கள், ஐந்து நாள் போட்டி. முந்தின வருடம் போலவே எங்கள் இரண்டு வண்டிகளையும் வாடகைக்குப் பிடித்தார்கள். என்னுடையது பயணப்பைகளை ஏற்றி முன்னால் போகும். அவருடையது எல்லோருக்கும் கடைசியாக வரும். இனி ஏலாது என்று விழுகிறவர்களை அதுதான் ஏற்றும். வீதியைக் கூட்டி அள்ளுகிற வண்டி என்பதால் அதன் பின்னால் ஒரு தும்புத்தடி கட்டுவது அந்த விளையாட்டின் வழக்கம். முந்தின வருடம் அவர்கள் தந்த பிளாஸ்ரிக் தடியைப் பார்த்து விக்னராஜா முகம் சுளித்தார். "இதாலை என்னத்தைக் கூட்டுறது?" என்று தமிழ்க்கடைக்குப் போய் அசல் தும்புத்தடியாக வாங்கிக் கட்டினார். வெள்ளைக்காரப் பெடியள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்.

அந்த வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலை உச்சிக்கு வந்ததும் ரேடியோவில், "கடைசி வண்டி வந்துவிட்டது, எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை" என்று அறிவிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் பொலிஸ் வீதியைத் திறக்கும். பக்கத்துச் சீற்றில் இருக்கிற நடுவர்தான் எப்போதும் அதைச் சொல்வார்.

நாலாம் நாள் மலை ஏற்றம். பிரைட் என்கிற ஊருக்கு அப்பால், முப்பது கிலோமீற்றர் ஏறி உச்சியில் முடிகிற ஓட்டம். அன்றைக்கு என்ன வெயில்! தார் உருகி ரயரில் ஒட்டியது. பாதி மலையிலேயே விக்னராஜாவின் வண்டியில் ஆறு பேர் ஏறிவிட்டார்கள். ஏறுகிறவனின் முதுகில் இருக்கிற இலக்கத்தைக் கழற்றி வாங்குவார்கள். அதைக் கொடுக்கும்போது பெரிய பெரிய ஆண்கள் குழந்தைகள் மாதிரி அழுவதை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று ஒருவன் குடித்த தண்ணியைச் சத்தி எடுத்து மயங்கிப்போக, நடுவர் அவனை அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு தானும் போய்விட்டார். ரேடியோ விக்னராஜாவின் கைக்கு வந்தது.

வீதியில் மிச்சம் ஒருவன்தான். எண்பத்தேழாம் இலக்கம். கீழே எங்கோ விழுந்து முழங்கை கிழிந்து, நடக்கிற வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தான். விக்னராஜா பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி ஏறச் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். "யூ கோ, மேற். ஐ'ம் கமிங்."

நீங்கள் போங்கோ, நான் வாறன்.

நேரம் முடிந்துவிட்டது, அவனை விட்டுவிட்டு மேலே வா என்று ரேடியோவில் கத்தினார்கள். வண்டிக்குள் இருந்தவர்களும் பொறுமை இழந்து சத்தம் போட்டார்கள். அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். சிவப்பு விளக்கைச் சிமிட்டவிட்டபடி அவனுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தார்.

நான் உச்சியில் நின்றிருந்தேன். பரிசு கொடுத்து, கைதட்டி, பாதிச் சனம் காருக்குப் போய்விட்டது. முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எண்பத்தேழு வந்து சேர்ந்தான். கோட்டைத் தாண்டி அப்படியே நிலத்தில் சாய்ந்தான். அடுத்த நாள் ஓட அவனுக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் இலக்கம் முதுகிலேயே இருந்தது. பின்னால் தும்புத்தடியோடு எங்கள் வண்டி வந்து நின்றது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் போனது, வீதி திறக்கவில்லை. இறங்கிப்போகக் காத்திருந்த கார்கள் கோர்ன் அடிக்கத் தொடங்கின. ஒரு பொலிஸ்காரி ஓடிவந்து, "உங்கள் சாரதி அறிவிக்கிறார் இல்லை" என்று என்னிடம் முறைப்பட்டாள். எனக்கு ஏறியதே ஒரு கோபம்! வண்டிக் கதவை இழுத்துத் திறந்தேன்.

ஏறியவர்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணாடியில் பின்வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"என்ன ஐசே, உமக்கு விசரே? சொல்லும், சனம் நிக்குது!"

"பாத்துக்கொண்டிருக்கிறன் அண்ணை."

"என்னத்தைப் பாக்கிறீர்? எல்லாரும் வந்தாச்சு. எண்ணினனீர்தானே?"

"எண்ணினனான். சரியாத்தான் இருக்கு." ரேடியோவை வாய்க்கருகில் கொண்டுபோய்த் திரும்ப இறக்கினார். "அந்தச் சொல் வாயில வருகுதில்லை அண்ணை."

எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அடுத்த வருட ஒப்பந்தம் போய்விடுமே என்பதுதான் என் மண்டைக்குள் நின்றது. ரேடியோவைப் பறித்தேன். பொத்தானை அமத்திக் கத்தினேன்.

"லாஸ்ட் வெஹிக்கிள். நோபடி பிஹைண்ட். நோபடி!"

கீழே வீதியைத் திறந்துவிட்டார்கள். கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி இறங்கத் தொடங்கின. விக்னராஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை, அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"சொல்லிப்போட்டியள்" என்றார்.

அந்த நேரம்தான் நான் என்ன சொன்னேன் என்று என் காதுக்கே கேட்டது. பாவி, நாலு வருடமாக அந்த மனிதன் வாய் திறந்து சொல்லாத சொல்லை ஒரு மலை உச்சியில் நின்று ஊருக்கே சத்தம்போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"விக்கி, நான் அந்த நினைவில சொல்லேல்லை…"

"பரவாயில்லை அண்ணை. ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்."

இறங்கிப் பின்னால் போனார். தும்புத்தடியை அவிழ்த்து, கயிற்றைச் சுற்றி, இரண்டையும் சீற்றுக்கு அடியில் வைத்தார். பிறகு டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். வண்டிச் சூட்டில் மடிப்புகள் மஞ்சளாகியிருந்தன. ஸ்ரேரிங்கின் மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினார். யோகராணி என்ற பெயருக்கு மேல் அவருடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ஒரு பேனை தாங்கோ அண்ணை" என்றார்.

"என்னட்டை இல்லை விக்கி" என்றேன்.

அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். மூன்று பேனையும் அங்கேதான் இருந்தன. கையை நீட்டியபடியே இருந்தார்.